பின்னாடி போனுக்கு வாங்க, அண்ணாச்சி

தொலைபேசி நிலையத்தில் நாங்கள் வேலை பார்த்த டிரங்க் போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். இனி வெளியூருக்குப் பேச யாரையும் கேட்க வேண்டாம்; வீட்டிலிருந்தபடி எண்ணைச் சுழற்றினால் டில்லியில் மணி அடிக்கும். இந்தச் சந்தோஷச் செய்தியைச் சொல்ல, என்னோடு வேலை பார்த்த பெண்கள் நாலைந்து பேர் வீட்டுக்கு வந்தார்கள். "அக்கா, பழைய கதையெல்லாம் எழுதித் தாங்க, மன்றத்து மலர்ல போடுகோம்" என்றார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. ஊதச் சொன்னது அவர்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திருவனந்தபுரத்துக்கு ஒரு குணம் உண்டு. புதிதாக எது வந்தாலும் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்ளும். வாங்கி, சந்தனம் தொட்டு வைத்து, கொஞ்ச நாளில் அதைத் தன் பாட்டன் வீட்டுச் சாமான் போல ஆக்கிவிடும். புது பஸ் வந்தால் பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்த பிறகுதான் சக்கரம் உருளும். மகாராஜா ஆட்சி போய் மந்திரிகள் வந்தார்கள்; அவர்களும் அதே பிள்ளையாருக்குத்தான் உடைத்தார்கள். அந்தக் காலத்தில் மந்திரிசபைகள் அடிக்கடி கவிழ்ந்துகொண்டிருந்ததால் பிள்ளையாருக்கும் தேங்காய்க் கடைக்காரர்களுக்கும் குறைவில்லாமல் நடந்தது.

நான் நாஞ்சில் நாட்டுக்காரி. சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா அரிசி மில்லில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். நான் பள்ளிப் படிப்பை முடித்ததும் தொலைபேசி இலாகாவில் ஆபரேட்டர் வேலைக்கு எடுத்தார்கள். தகுதி வேறொன்றும் இல்லை. திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைத்தெருவின் தமிழ் வியாபாரிகள் நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் பேசும்போது மலையாளமும் இங்கிலீஷும் மட்டும் தெரிந்த பெண்கள் திணறிப் போனார்கள்; தமிழ் தெரிந்த ஒருத்தி தேவைப்பட்டாள். "பொம்பளப் பிள்ள நாள் பூரா அன்னிய ஆம்பளைகளோட பேசுக வேலையாம்லா!" என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். அப்பா, "பேசுகது ஒண்ணும் இல்ல, சேத்து விடுகதுதான் வேலை" என்றார். அது இன்னும் மோசமாகக் கேட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை. திருவனந்தபுரம் கரமனையில் சித்தி வீட்டில் என்னைக் கொண்டுவந்து விட்டார்.

பயிற்சி சில மாதம். அதில் சொல்ல எதுவும் இல்லை, கழுத்து வலித்தது. வேலை இதுதான். ஊருக்குள் பேச அப்போதே அவரவரே எண்ணைச் சுழற்றிக்கொள்ளலாம். வெளியூர் என்றால் எங்களைக் கூப்பிட்டுப் பதிவு செய்ய வேண்டும். நாங்கள் அந்த ஊர் ஆபரேட்டரைப் பிடித்து, வரிசை வந்ததும் இந்தப் பக்கத்துக் கயிற்றை ஒரு துளையிலும் அந்தப் பக்கத்துக் கயிற்றை இன்னொரு துளையிலும் செருகி, "பேசுங்கள்" என்று சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். மூன்று நிமிடம் ஆனதும் மறுபடி நுழைந்து, ஆயிற்று என்று சொல்ல வேண்டும். இவ்வளவுதான் எங்கள் வாயிலிருந்து வரலாம். சந்தாதாரர் பேச்சைக் கேட்கவே கூடாது. ஆனால் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கிறதா என்று அவ்வப்போது கேட்டுப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். இந்த விதியை எழுதின மகானை நான் கடைசி வரையில் சந்திக்கவில்லை.

எங்கள் மேலதிகாரி கோசி சார், கோட்டயத்துக்காரர். குரலை உயர்த்த மாட்டார். எதற்கும் முடியாது என்று சொல்ல மாட்டார், முடியும் என்றும் சொல்ல மாட்டார். "நோக்காம்" என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். லீவு கேட்டால் நோக்காம். மின்விசிறி ஓடவில்லை என்றால் நோக்காம். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு எதுவும் தெரியாது என்பதால், 'நோக்காம்' என்று சொல்லும் சமயங்களில் அவர் எதையும் நோக்கியதில்லை.

ஆரியசாலைக்கு டெலிபோன் போன கதையைச் சொல்ல வேண்டும். கடைக்குக் கடை வேண்டும் வேண்டும் என்று கேட்டார்கள். மெக்கானிக் கருவியோடு போனால் ராகுகாலம் கழியட்டும் என்று வாசலில் நிற்க வைத்தார்கள். எட்டாம் எண் வந்தால் வாங்க மாட்டார்கள். கல்லாப்பெட்டிக்கு மேலே, சாமி படத்துக்குக் கீழே, குத்துவிளக்குக்குப் பக்கத்தில் கருவியை வைத்து, மாலை போட்டு, சந்தனமும் குங்குமமும் அப்பினார்கள். டயல் துளைகளில் குங்குமம் இறங்கி எண் மாறி விழுகிறது என்று பிறகு எங்களிடமே புகார் சொன்னார்கள்.

சாமிக்குப் பக்கத்தில் இருப்பதால் அதில் அச்சானியமாக, அபசகுனமாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. சரக்கு 'இல்லை' என்று சொல்லக் கூடாது. 'போறேன்' என்று சொல்லக் கூடாது. 'வாறேன்' என்றுதான் சொல்ல வேண்டும். இவர் "வாறேன்" என்பார், அவர் "வாங்க, வாங்க" என்பார், இவர் "அப்பம் வாறேன்" என்பார், யாரும் கீழே வைக்க மாட்டார்கள். நான் கயிற்றைப் பிடுங்கித்தான் முடித்து வைப்பேன். நோய், சாவு, நஷ்டம் எதுவும் அந்தக் கருவி வழியாக வரக் கூடாது. அதற்கெல்லாம் பழையபடி ஆள் வர வேண்டும். வந்து வாசலுக்கு வெளியே நின்று, சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். ஆக, அவசரத்துக்கு என்று வந்த சாதனத்தில் அவசரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினார்கள்.

ஆரியசாலையில் பருப்பு மொத்த வியாபாரம் செய்த ஆறுமுகம் பிள்ளை இதில் ரொம்பக் கண்டிப்பானவர். அவருடைய ஒரே மகள் கோமதியை நாகர்கோவில் கோட்டாறில் தாணுமாலயன் பிள்ளை என்ற வியாபாரி வீட்டில் கொடுத்திருந்தார். இரண்டு சம்பந்திகளுக்கும் கடையில் டெலிபோன் உண்டு, இரண்டு பேருக்கும் ஒரே ஆசாரம்.

ஒரு நாள் முற்பகலில் நாகர்கோவில் ஆபரேட்டர் எஸ்தர் என்னைக் கூப்பிட்டாள். நேரில் பார்த்ததே கிடையாது, ஆனால் கூடப் பிறந்தவளைப் போலப் பழக்கம். "பகவதி, ஒரு அவசரக் கால், முந்திக் குடு" என்றாள். விஷயத்தையும் சொன்னாள். தாணுமாலயன் பிள்ளை பதிவு செய்யும்போது அவளிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். கோமதிக்குத் தலைப்பிரசவம்; தாய் இல்லாத பெண் என்பதால் புகுந்த வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது. வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டும், தாமதித்தால் இரண்டு உயிரும் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளையோ கொழும்பில். பெற்ற தகப்பன் சம்மதிக்காமல் கத்தி வைக்க விட மாட்டோம் என்று புகுந்த வீட்டார் நிற்கிறார்கள். நாளைக்கு ஏதாவது ஆனால் பழி எந்த வீட்டுத் தலையில் என்கிற கணக்கு. எஸ்தரிடம் இதையெல்லாம் மளமளவென்று சொன்ன மனுஷன், சம்பந்தி லைனில் வந்ததும் வேறு ஆளாகிவிட்டார்.

"சம்பந்தி, சுகந்தானா?"

"ஆண்டவன் கிருபையில சுகம். அங்க எல்லாரும் சுகந்தானே?"

"சுகம், சுகம். கோமதி ஆஸ்பத்திரியில இருக்கா."

"நல்லது. அங்கன்னா எல்லா வசதியும் உண்டும்லா."

"உண்டும். டாக்டரு உங்களப் பாக்கணும்னு பிரியப்படுகாரு."

"அதுக்கென்ன, வெள்ளிக்கிழமை நல்ல நாளாட்டு இருக்கு. வந்து பாக்கேன்."

"இன்னைக்கு வந்தா இன்னும் விசேஷமா இருக்கும்."

"இன்னைக்குக் கரிநாளுல்லா, சம்பந்தி!"

இவருக்குச் சொல்ல வாய் வரவில்லை. அவருக்குச் சொல்லாததைக் கேட்கக் காது இல்லை. அடுத்து கொத்தமல்லி விலைக்குப் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரியில் ஒருத்தி துடித்துக்கொண்டிருக்கிறாள், அவளைப் பெற்றவரும் மாமனாரும் கொத்தமல்லி பேசுகிறார்கள். மூன்று நிமிடம் முடியப் போகிறது. விதி மறந்து போகவில்லை, நன்றாக ஞாபகம் இருந்தது. போர்டில் பேசுவதற்கான சாவியைத் திருப்பி அவர்கள் பேச்சுக்குள் நுழைந்தேன்.

"அண்ணாச்சி, நான் டிரங்க் ஆபரேட்டர் பேசுகேன். உங்க மகளுக்குப் பிள்ளை குறுக்க கெடக்கு. வயித்தக் கீறி எடுக்காட்டா ரெண்டு உயிரும் செத்துப் போயிரும்னு டாக்டர் சொல்லுகாரு. சம்மதமா, இல்லையா? இப்பம் சொல்லணும்."

கோட்டாறுக்காரர் "சிவ சிவா" என்றார். பிறகு ஆறுமுகம் பிள்ளையின் குரல், வியாபாரக் குரல் இல்லை, வேறு யாரோ பேசுவது போல வந்தது.

"கீறச் சொல்லு, தாயி."

"சம்பந்திக்குக் கேட்டுதா?" என்று கோட்டாறுக்காரரைக் கேட்டேன். கேட்டது என்றார். கயிற்றைப் பிடுங்கினேன். ஆறுமுகம் பிள்ளை கரிநாளைப் பார்க்காமல் அப்போதே காரில் கிளம்பிவிட்டதாக எஸ்தர் பிறகு சொன்னாள். அன்று சாயங்காலம் அவளே கூப்பிட்டு, "ஆம்பளப் பிள்ள. தாயும் சுகம்" என்றாள். நான் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன். பக்கத்துப் பெண் என் லைனையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் ஆறுமுகம் பிள்ளை இரண்டு வியாபாரிகளைக் கூட்டிக்கொண்டு அலுவலகத்துக்கே வந்தார். நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்தேன். என் வயது அப்படி. அவர் வந்தது என் மேல் புகார் கொடுக்க.

கோசி சார் என்னைக் கூப்பிட்டு ஓரமாக நிற்க வைத்தார். நான் அப்போது தற்காலிக ஊழியர். ஒரு புகார் போதும், மறுநாள் சுசீந்திரம் பஸ்தான்.

"அண்ணாச்சி, மோள் எப்படி?" என்று விசாரித்தார் சார்.

"நல்லா இருக்கா. பேரன் பொறந்திருக்கான்."

"கொள்ளாம், நல்லது. அப்போ புகார் எந்தா?"

"பேரன் பொறந்தது வேற சார். எங்க சாமிக்கு முன்னால, என் டெலிபோன்ல 'செத்து'ங்கிற வார்த்தை வந்தது வேற. விளக்கு எரிஞ்சிட்டிருந்துது சார்! இனி அந்தப் போனை எடுத்து எப்படி ஒரு நல்ல காரியம் பேசுகது? போனை மாத்தணும். இந்தப் பிள்ளையையும் மாத்தணும்."

கோசி சார் கண்ணாடியைக் கழற்றினார். நான் என் பெட்டியைக் கட்டத் தொடங்கிவிட்டேன், மனதுக்குள்.

"நோக்காம்" என்றார். பிறகு, நான் பார்த்து முதல் தடவையாக, மேலும் பேசினார். "ரெண்டும் மாத்தான் ரூல் இல்ல, அண்ணாச்சி. ஒண்ணு மாத்தாம். இந்தக் குட்டிய மாத்தினா பழைய போன் அங்கேயே இருக்கும். போன் மாத்தினா குட்டி இங்கேயே இருக்கும். எது வேணும்?"

அப்படி ஒரு விதி எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆறுமுகம் பிள்ளை மற்ற இருவரோடு கலந்து பேசினார். வியாபாரி அல்லவா, நாலு பக்கமும் தட்டிப் பார்த்தார். கடைசியில் போனை மாற்றினால் போதும் என்றார். கருவி பழுது என்று பதிய வேண்டுமே, தீட்டு என்று எழுத இலாகாவில் இடம் கிடையாது. சார் 'மணி ஒலி குறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிள்ளை போகிற போக்கில் என் பக்கத்தில் நின்றார். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"ஏ பிள்ளே, ஒண்ணு சொல்லுகேன். எங்க ஆளுக வாயால அதச் சொல்ல முடியாது. நீ சொன்னா அது சர்க்கார் சொன்ன மாதிரி, தீட்டு ஒட்டாது. இனியும் அப்படி ஏதாவது உண்டும்னா நீயே சொல்லிரு. ஆனா சாமி முன்னால வேண்டாம். நான் வேற ஏற்பாடு பண்ணுகேன்."

ஏற்பாடு என்ன தெரியுமா? கடையின் பின்கட்டில், காலிச் சாக்கு அடுக்கும் அறைக்கு வெளியே, இன்னொரு போன். முன்னால் இருப்பதன் கிளை. முன்னால் மணி அடிக்கும். கெட்ட செய்தி என்றால் நான், "பின்னாடி போனுக்கு வாங்க, அண்ணாச்சி" என்று மட்டும் சொல்ல வேண்டும். அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் ஓடுவார். அங்கே நான் விஷயத்தைச் சொல்வேன். பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. கடைக்குக் கடை பின் போன் வைத்தார்கள். தலைநகரில் தொலைபேசி வளர்ச்சி அபாரம் என்று ஒரு மந்திரி எங்கள் அலுவலகத்துக்கு வந்து பேசினார். எதனால் வளர்ந்தது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. கோசி சார் கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆக, அந்தக் காலத்தில் ஆரியசாலையில் யார் வீட்டில் யார் போனாலும் நான்தான் சொன்னேன். எங்கள் கிராமத்தில் சாவுச் செய்தி சொல்லப் போகிற ஆளுக்கு வாசலில் நிறுத்திச் சொம்பில் தண்ணீர் ஊற்றுவார்கள், உள்ளே கூப்பிட மாட்டார்கள். அதே வேலையைத் தலையில் ஹெட்போன் மாட்டி, நாற்காலி போட்டு எனக்குக் கொடுத்திருந்தது திருவனந்தபுரம். பொங்கலுக்குக் கடைக்குக் கடை பழக்கூடை வரும். கல்யாணப் பத்திரிகை ஒன்றுகூட வந்ததில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை சித்தியோடு பழவங்காடிக்குப் போயிருந்தேன். புளி வியாபாரி ஒருவர் தேங்காயை ஓங்கிக்கொண்டு நின்றார். அவர் வாய்விட்டு வேண்டிக்கொண்ட குரலிலேயே ஆள் யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மரியாதையாக, "நல்லா இருக்கீங்களா, அண்ணாச்சி?" என்றேன். தேங்காய் கையிலிருந்து நழுவிக் காலில் விழுந்தது. "யாரு? யாருக்கு என்ன?" என்று அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் இல்லை, சும்மாதான் கேட்டேன் என்று சொல்லச் சொல்ல அவருக்கு வியர்வை கூடிற்று. நான் பேசப் பேச, என் குரலைக் கேட்டே வியர்த்தார். கடைசியில் சித்தி என்னை இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில், "இனிமே கோயில்ல வாயத் தொறக்காத. உனக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்றாள். சிரிப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. என் குரல் இந்த ஊருக்கு ஆகாத குரல். அதைக் கேட்டு யாராவது சந்தோஷப்பட வேண்டும் என்று அன்றைக்கு எனக்கு ஆசையாக இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஒருவர் சந்தோஷப்பட்டார். என் அப்பா. கோட்டாறுச் சந்தைக்கு வரும்போதெல்லாம் தாணுமாலயன் பிள்ளை கடைக்குப் போய், எஸ்தர் தயவில் என்னோடு இரண்டு வார்த்தை பேசுவார். நான் சர்க்கார் உத்தியோகம் என்பதால் தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் போனை எடுப்பாராம். "சாப்பிட்டியா மக்களே?" என்பார். "சாப்பிட்டேன்" என்பேன். "சரி, லைனை அடைக்காண்டாம்" என்று வைத்துவிடுவார்.

நாஞ்சில் நாடு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த சமயம். நேற்று வரை ஒரே ராஜ்யமாக இருந்த ஊருக்கு இன்று வேறு மாநிலத்துக் கால் என்று பதிந்துகொண்டிருந்தோம். அப்படி ஒரு காலையில் எஸ்தர் கூப்பிட்டாள்.

"பகவதி, கோட்டாறு தாணுமாலயன் பிள்ளை பேசணுமாம். ஆறுமுகம் பிள்ளை கடை குடு."

"முன்னாலயா, பின்னாலயா?" என்று வழக்கம் போலக் கேட்டேன்.

"முன்னால" என்றாள். குரல் அடைத்திருந்தது. ஜலதோஷம் என்று நினைத்தேன். நல்ல செய்திதானே என்று இரண்டு கயிற்றையும் செருகிவிட்டு, விதிப்படி விலகிக்கொண்டேன். அன்றைக்கென்று பார்த்து விதிப்படி.

கொஞ்ச நேரத்தில் ஊருக்குள்ளிருந்து ஒரு கால் வந்தது.

"டிரங்க். எங்கேர்ந்து பேசுகீங்க?"

"ஆறுமுகம் பிள்ளை கடை. முன்னால போன்." அண்ணாச்சிதான்; ஆனால் வியாபாரக் குரல் இல்லை.

யார் வீட்டிலோ ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது. பழக்கம் விடவில்லை எனக்கு. "அண்ணாச்சி, பின்னாடி போனுக்குப் போயிப் பேசுங்க" என்றேன்.

"பின்னாடி வேண்டாம். உனக்குச் சொல்லுகதுக்கு நான் சாக்கு ரூமுக்குப் போகணுமா, பிள்ளே? இங்கேயே நின்னு சொல்லுகேன்." மூச்சை இழுத்துக்கொண்டார். "உங்கப்பா செத்துப் போயிட்டாரு, மக்களே. கோட்டாறுச் சந்தையில நெஞ்சடைச்சு விழுந்திருக்காரு. சம்பந்தி கடைக்குத்தான் உங்கிட்டப் பேச வந்துட்டு இருந்தாராம். பழவங்காடியில என் காரு நிக்கும், எறங்கி வா. நானும் வாறேன்."

சுற்றி வளைக்கவில்லை. சுகம் விசாரிக்கவில்லை. அந்த வார்த்தையையே சொன்னார், விளக்குக்கு முன்னால், அவர் வாயால். நான் ஊருக்கெல்லாம் எப்படிச் சொன்னேனோ, அப்படியே எனக்குச் சொன்னார். காரில் சுசீந்திரம் வரையில் அவர் என்னோடு வந்தார். 'பின்னால' என்றிருந்தால் யாருக்கு என்ன என்று நான் கேட்டிருப்பேன், எஸ்தர் 'முன்னால' என்றது அதனால்தான் என்று வழியில்தான் எனக்குப் புரிந்தது. பாறசாலையில் நிறுத்தி எனக்கு ஒரு சோடா வாங்கிக் கொடுத்தார்.

பதினாறு கழிந்து வேலைக்குத் திரும்பினேன். முதல் வேலையாகக் கோசி சார் மேஜைக்குப் போனேன். ஆரியசாலையிலிருந்து கருவி மாற்றச் சொல்லிப் புகார் வந்திருக்கிறதா என்று கேட்டேன்.

சார் தலையை நிமிர்த்தினார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

"நான் நோக்கி, பகவதி" என்றார். இந்தத் தடவை பார்த்தே விட்டாராம். "மெக்கானிக்கை விட்டும் கேட்டாச்சு. மாத்தாண்டாம்னு அண்ணாச்சி பறஞ்சு."